ஹாம் ரேடியோவில் நாப் உடைந்தால்: கழற்றுவது, ஒட்டுவது, மாற்றுவது

பழைய செட் ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருப்பீர்கள். வால்யூம் நாப் சும்மா சுற்றுகிறது, இல்லையென்றால் பேண்ட் நாப் திருப்பும்போதே கையோடு வந்துவிடுகிறது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவரின் கை உடனே ஃபெவிக்விக்கைத் தேடும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். நாப் என்பது சில ரூபாய் பிளாஸ்டிக். அதன் பின்னால் இருக்கும் கண்ட்ரோலோ சுவிட்சோ பல செட்டுகளில் அந்த மாடலுக்கென்றே செய்தது. உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் தேடி அலைய வேண்டியிருக்கும். நாப்பைச் சரிசெய்யப் போய்ப் பின்னால் இருப்பதைக் கெடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து. கீழே சொல்லும் எல்லாமே அதைத் தவிர்க்கத்தான்.

தொடுவதற்கு முன்னால்

உங்கள் செட் 13.8 வோல்ட் டிசியில் ஓடும் இன்றைய டிரான்சிஸ்டர் செட் என்றால், நாப் இல்லாத ஷாஃப்டை (நாப் மாட்டும் தண்டை) விரலால் திருப்பிப் பார்ப்பதில் ஆபத்தில்லை. வால்வு செட் என்றால் கதை வேறு. 1946-இல் வந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 போன்ற ரிசீவர்களில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பிளக்கை மாற்றிச் செருகினால் சேசிஸுக்கே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கே, கரண்ட் வந்துவிடும். அங்கே நாப் வெறும் கைப்பிடியாக இல்லை, கைக்கும் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். நாப்பின் பக்கவாட்டு ஓட்டையில் தெரியும் ஸ்க்ரூவைத் தொட்டால்கூட ஷாக் அடிக்கலாம் என்பதால், அந்தக் காலத்தில் அந்த ஓட்டையை மெழுகால் அடைத்து வைப்பார்கள். இப்படிப்பட்ட செட்டில் நாப் இல்லாமல் ஒரு நிமிடம்கூட சுவிட்ச் போடாதீர்கள்.

யேசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 போன்றவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, முன்பக்கம் பயமில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே கடைசி வால்வுகளுக்குப் போகும் வோல்டேஜ் முன்னதில் 600, பின்னதில் 800 அளவுக்கு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். வெளியிலிருந்தே நாப்பைக் கழற்ற முடிகிறதென்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம். திறந்தே ஆக வேண்டுமென்றால் வால்வு செட் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது உடைந்திருக்கிறது?

வால்யூம், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது), மைக் கெயின் இவற்றின் பின்னால் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கடையில் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நானும் கண்ட்ரோல் என்றே எழுதுகிறேன். அது ஏறக்குறைய 270 முதல் 300 டிகிரி வரை திரும்பி, இரண்டு முனையிலும் நின்றுவிடும். புதிய செட்டுகளின் மெயின் டியூனிங், சேனல் மாற்றும் நாப் இவற்றின் பின்னால் இருப்பது என்கோடர், திருப்புவதைப் பல்ஸ்களாக மாற்றித் தரும் பாகம். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும், அதுதான் இயல்பு. பழைய செட்டின் பேண்ட் நாப்புக்குப் பின்னால் டக் டக்கென்று விழும் ரோட்டரி சுவிட்ச் இருக்கும்.

ஆகவே முனையில் நிற்க வேண்டிய நாப் நிற்காமல் சுற்றினால், எங்கோ வழுக்குகிறது என்று அர்த்தம். நாப்பைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை மட்டும் விரலால் திருப்பிப் பாருங்கள் (டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு செட் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனையில் நிற்கிறதா என்று மட்டும்). முனையில் நின்று, சத்தமும் ஒழுங்காக ஏறி இறங்கினால் பழுது நாப்பில் மட்டும்தான். ஷாஃப்டும் தடையில்லாமல் சுற்றினால் உள்ளே உடைந்திருக்கிறது. ஷாஃப்டோடு சேர்ந்து கண்ட்ரோல் முழுவதுமே பேனலில் சுற்றினால் பின்னால் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருக்கிறது.

இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. நட் தளர்ந்த நிலையிலேயே திருப்பிக்கொண்டிருந்தால் பின்னால் உள்ள ஒயர்கள் முறுக்கேறி அறுந்துவிடும். போர்டில் நேராகச் சால்டர் செய்த கண்ட்ரோல் என்றால் கால்கள் பெயர்ந்துவிடும். பேனலில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நட்டை இறுக்குங்கள். நிறைய கண்ட்ரோல்களுக்கு 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் சரியாக இருக்கும். கட்டிங் பிளையரால் இறுக்கப் போனால் பேனலில் கீறல் நிச்சயம்.

கழற்றுவது

முதலில் மொபைலில் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். கண்ட்ரோல் என்றால் நாப்பை இடது முனைக்குத் திருப்பிவிட்டு எடுங்கள், கோடு எங்கே நிற்க வேண்டும் என்பது அப்புறம் சந்தேகமில்லாமல் தெரியும். ரோட்டரி சுவிட்ச் என்றால் இது இன்னும் முக்கியம். பேண்ட் நாப்பை ஒரு படி தள்ளி மாட்டிவிட்டால் பேனல் ஒரு பேண்டைக் காட்டும், உள்ளே வேறு பேண்ட் விழுந்திருக்கும். அதை அறியாமல் டிரான்ஸ்மிட் செய்தால் அடி வாங்குவது கடைசி ஸ்டேஜ்.

அடுத்து, நாப்பை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சின்ன ஸ்க்ரூ. பெரிய டியூனிங் நாப்பில் அந்த ஓட்டை விளிம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். வளையத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். எங்கேயும் ஓட்டை இல்லையென்றால் அழுத்திச் செருகிய நாப்பாகத்தான் இருக்கும். சிலவற்றில் முகப்பில் உள்ள சிறு மூடியைப் பெயர்த்தால் நடுவில் ஸ்க்ரூவோ நட்டோ தெரியும்.

கிரப் ஸ்க்ரூவில் தப்பு நடப்பது ஆலன் கீ அளவில். ஜப்பான் செட்டில் எம்3 ஸ்க்ரூ என்றால் 1.5 மி.மீ. கீ, எம்4 என்றால் 2 மி.மீ. அமெரிக்கச் செட்டுகளில் அங்குலக் கணக்கு: 1/16 அங்குலம், அதாவது 1.59 மி.மீ., அல்லது அதைவிடச் சின்னதாக 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. 1.5 மி.மீ. கீயை 1/16 அங்குல ஓட்டையில் விட்டால் உள்ளே போகும், பொருந்திவிட்டது போலவே இருக்கும். இறுக்கமான ஸ்க்ரூவைத் திருப்பும்போது அந்த 0.09 மி.மீ. இடைவெளியில் கீ வழுக்கி, ஆறு மூலையும் மழுங்கிவிடும். அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. கீயைச் செருகிவிட்டு இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை. பழைய காலின்ஸ் செட்டுகளில் ஆறு மூலைக்குப் பதிலாகப் பல்வரிசை போன்ற பிரிஸ்டல் கீ வேண்டியிருக்கும், அதில் ஆலன் கீயை நுழைக்கவே கூடாது.

சல்லிசாகக் கிடைக்கும் ஆலன் கீ செட்டுகளில் நுனி கொஞ்ச நாளில் உருண்டுவிடும். நுனியில் இரண்டு மில்லிமீட்டரைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்தால் மறுபடி கூர்மையான மூலை கிடைக்கும். ஸ்க்ரூ அசையவே இல்லையென்றால் சூடான சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ மேல் சில நொடிகள் வையுங்கள். ஸ்க்ரூவைப் பூட்ட வைத்திருக்கும் பெயின்ட்டோ பசையோ இளகும். பிளாஸ்டிக் நாப் என்றால் ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம்.

அழுத்திச் செருகிய நாப்பை நேராக இழுக்க வேண்டும். ஒரு பக்கமாக ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒடியும், அல்லது கண்ட்ரோல் போர்டிலிருந்து பெயரும். ஷூ லேஸ் ஒன்றை நாப்புக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். பாதிக்கு மேல் நாப்புகள் இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் இரண்டு டீஸ்பூன்களை எதிரெதிர்ப் பக்கத்தில் நுழைத்து ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கரண்டிக்கு அடியில் பழைய ஏடிஎம் கார்டு இருக்கட்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை நாப் இருந்தால் முன்னால் உள்ள சின்னதுதான் முதலில் வரும், வெளி வளையம் அதற்குப் பிறகு.

கழன்ற நாப்பின் உள்ளே பாருங்கள். பல நாப்புகளில் ‘டி’ வடிவ ஓட்டையின் தட்டைப் பக்கத்தில் மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று இருக்கும். அது ஷாஃப்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம், மேஜைக்கடியில் விழுந்தும் போயிருக்கலாம். நாப் லூசாவதற்கு அந்தத் தகடு போனதே காரணம் என்றால், குளிர்பான டின்னிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை வெட்டி, வளைத்து அந்த இடத்தில் வைத்தால் போதும். வேலை முடிந்தது.

வெடித்த நாப்பை ஒட்டுவது

பெரும்பாலும் விரிசல் விழுவது நாப்பின் நடுக்குழாயில்தான். ஷாஃப்டைக் கவ்வும் அந்தக் குழாய், ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தில் நீளவாக்கில் பிளக்கும். விரிசலில் பசை விட்டு அமுக்கினால் ஒரு வாரம் நிற்கும், பிறகு அதே கோட்டில் பிளக்கும். குழாயைச் சுற்றி வெளியே ஒரு கட்டுப் போட்டால்தான் நிற்கும்.

நாப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. நடுக்குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். செட்டில் உள்ள ஷாஃப்டின் மேல் வைத்து ஒருபோதும் ஒட்டாதீர்கள். அதே வடிவ ஷாஃப்ட் உள்ள பழைய கண்ட்ரோல் ஒன்றை எடுத்து, ஷாஃப்டில் மெல்லிதாக வாசலின் தடவி அதன் மேல் நாப்பைச் செருகுங்கள். குழாய் சரியான அளவுக்கு விரிந்து நிற்க இது உதவும்.

இப்போது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து, குழாயைச் சுற்றி நெருக்கமாக, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். கம்பி இல்லையென்றால் கெட்டியான தையல் நூலும் போதும். சுற்றின் மேல் அரால்டைட்டைக் கலந்து பூசுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும் சாதாரண வகை இதற்கு நல்லது. பிடிப்பு கூடுதல், கம்பிகளுக்கு நடுவில் இறங்கவும் நேரம் கிடைக்கும். பூச்சு தடித்துப்போய், நாப் பேனல் நட்டின் மேல் உட்கார முடியாமல் போகிறதா என்று காய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

ஃபெவிக்விக்கை ஏன் தள்ளி வைக்கச் சொன்னேன் என்றால், அது தண்ணீர் மாதிரி மெல்லிய பசை. ஷாஃப்ட் மேல் ஒரு சொட்டு விட்டால் இடுக்கு வழியாகத் தானாகவே உள்ளே இறங்கி, ஷாஃப்டையும் அது திரும்பும் குழாயையும் ஒன்றாக்கிவிடும். பிறகு கண்ட்ரோலையே மாற்ற வேண்டியதுதான். அதன் ஆவி பட்ட கறுப்புப் பேனலில் வெள்ளையாகப் படியும். போதாததற்கு, காய்ந்தபின் அது கண்ணாடி போல உடையும். முறுக்கு விசை வாங்கும் இடத்துக்கு அது ஆகாது.

நடுக்குழாய் முழுவதுமே தூளாகிவிட்டதா? நாப்பின் குழியை எம்-சீலால் நிரப்பி, வாசலின் தடவிய ஷாஃப்டை நடுவில் நேராக நிறுத்திக் காயவிடுங்கள். நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் இரண்டு கோணத்திலிருந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் திருப்பும்போது நாப் ஆடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் நாப் என்றால் அதே வகைப் பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கியும் ஒட்டலாம். பேக்கலைட்டில் அசிட்டோன் வேலை செய்யாது.

கோடு அழிந்துபோன நாப்பில் வெள்ளை மெழுகு க்ரேயானை அந்தப் பள்ளத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே துணியால் துடைத்துவிடுங்கள். பிசுபிசுப்பாகிப்போன ரப்பர் பூச்சை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் தேய்த்தே எடுத்துவிடலாம். அடியில் இருக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் கையில் ஒட்டாது.

வேறு நாப் வாங்குவது

சென்னையில் ரிச்சி தெருவில் நாப் கிடைக்கும். போகும்போது பழைய நாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள், முடிந்தால் வெர்னியர் காலிப்பரையும். ‘ஆறு எம்எம் நாப்’ என்று மட்டும் கேட்டால் மூன்று வகை வரும். முழு உருண்டை ஷாஃப்டுக்கானது கிரப் ஸ்க்ரூவோடு இருக்கும். ‘டி’ ஷாஃப்டுக்கானதில் ஒரு பக்கம் தட்டை, 6 மி.மீ. ஷாஃப்டில் தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை தடிமன் பெரும்பாலும் 4.5 மி.மீ. மூன்றாவது, பல்வெட்டிய, நடுவில் பிளவுள்ள ஷாஃப்டுக்கானது. இந்தப் பல்லிலும் 18, 24 என்று எண்ணிக்கை வேறுபடும்; ஒன்றுக்கானது இன்னொன்றில் உட்காராது, அழுத்தினால் நாப்தான் பிளக்கும்.

அமெரிக்கச் செட்டின் ஷாஃப்ட் கால் அங்குலம், 6.35 மி.மீ. ஜப்பான் செட்டில் 6 மி.மீ. கால் அங்குல நாப்பை 6 மி.மீ. ஷாஃப்டில் மாட்டலாம், ஆனால் கிரப் ஸ்க்ரூவை இறுக்கும்போது ஒரு பக்கம் தள்ளிப்போய், திருப்புகையில் முட்டை மாதிரி ஆடும். மெல்லிய பித்தளைத் தகட்டை உள்ளே சுற்றி வைத்தால் சரியாகிவிடும். 6 மி.மீ. நாப்பைக் கால் அங்குலத்தில் மாட்ட ஓட்டையைப் பெரிதாக்கத்தான் வேண்டும்.

காயலாங்கடையை மறந்துவிடாதீர்கள். பழைய ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், டேப் ரெக்கார்டர் எல்லாவற்றிலும் நல்ல நாப்புகள் இருக்கும், அதுவும் இன்று கிடைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைவிட உறுதியானவை. ஒரே ஒரு நாப் மட்டும் வேறு மாதிரி இருந்தால் கண்ணை உறுத்துகிறது என்பவர்கள், அதிகம் தொடாத நாப்பின் இடத்துக்கு அதை மாற்றிவிட்டு, அங்கிருந்த அசலை வால்யூமுக்குக் கொண்டுவரலாம்.

3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அளவு கொடுத்து அச்சிடலாம். ஓட்டையை ஷாஃப்டைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. பெரிதாகக் கேளுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைக்கும் செட்டுக்கு அது வேண்டாம், பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் கேளுங்கள்.

லீனியர் ஆம்ப்ளிஃபயரின் (செட்டின் பவரைக் கூட்டித் தரும் பெட்டியின்) பிளேட், லோட் நாப்புகளில் மட்டும் அழகுக்காக உலோக நாப்பை மாட்டாதீர்கள். அங்கேயும் பிளாஸ்டிக் நாப் கைக்கும் வோல்டேஜுக்கும் நடுவில் தடுப்பாக இருக்கலாம்.

புது நாப் வரும்வரை சமாளிக்க, பைக் பெட்ரோல் ட்யூபில் ஒரு அங்குலம் வெட்டி ஷாஃப்டில் செருகுங்கள். பிளையரால் திருப்பிக்கொண்டிருந்தால் பல் தேய்ந்து, வாங்கிவரும் நாப்பும் பிடிக்காமல் போகும்.

ஷாஃப்டே ஒடிந்திருந்தால்

பிளாஸ்டிக் ஷாஃப்ட் அடியோடு ஒடிந்தால் ஒட்டுவதில் அர்த்தமில்லை, கண்ட்ரோலை மாற்றுங்கள். பின்னால் ‘10கே’ போன்ற எண்ணோடு ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். ஜப்பான், சீனத் தயாரிப்புகளில் ‘ஏ’ என்றால் ஆடியோ வகை, ‘பி’ என்றால் லீனியர். வால்யூமுக்கு ‘ஏ’ இருந்த இடத்தில் ‘பி’ போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் காதைப் பிளக்கும், மீதித் தூரத்தில் ஒன்றும் மாறாது. எத்தனை கால், ஆன்-ஆஃப் சுவிட்ச் சேர்ந்ததா, ஷாஃப்ட் நீளம் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டிலிருந்து எடுக்கும்போது எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கிப் பிடுங்கப் பார்க்காதீர்கள். எப்படியும் உடைந்த பொருள்தானே. கால்களைக் கட்டரால் வெட்டி உடலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை ஒவ்வொன்றாகச் சால்டரிங் அயர்னால் எடுத்தால் போர்டின் செப்புப் பாதை பெயராது.

பித்தளை ஷாஃப்டின் நுனி மட்டும் ஒடிந்து, பிடிக்கும் அளவுக்கு மிச்சம் நீண்டிருந்தால், 6 மி.மீ. உள்விட்டமும் இரண்டு கிரப் ஸ்க்ரூவும் உள்ள பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு நீட்டிக்கொள்ளலாம்.

நாப் நன்றாக இருந்தும் அலைவரிசை தாவினால்

இது நாப் பழுது என்று பலர் நினைப்பதுண்டு. ஒரு படி திருப்பினால் மூன்று படி போகிறது, அல்லது பின்னோக்கிப் போகிறது என்றால் மெக்கானிக்கல் என்கோடரின் தொடுமுனைகளில் அழுக்கு. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் போன்ற கிட் செட்டுகளில் டியூனிங்கே இந்த வகை என்கோடரில்தான் நடக்கிறது. செட்டை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரை இடுக்கில் ஒரு சிறு பீச்சு மட்டும் விட்டு, இரண்டு பக்கமும் முப்பது நாற்பது சுற்றுச் சுற்றி, நன்றாகக் காயவிடுங்கள். கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கும் இதே வைத்தியம். சாதாரண டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், தூசி அதில் வந்து ஒட்டும். விலை உயர்ந்த செட்டுகளின் மெயின் டியூனிங்கில் ஒளியால் வேலை செய்யும் என்கோடர் இருக்கும். அதற்குள் எதையும் பீச்சாதீர்கள்.

என்கோடரை மாற்றுவதென்றால் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ், எத்தனை படி என்பது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றிய பிறகு வலப்பக்கம் திருப்பினால் அலைவரிசை இறங்குகிறதென்றால், ஓரத்து இரண்டு கால்களின் ஒயரை மாற்றிப் போட்டால் சரி.

திரும்ப மாட்டுவது

கிரப் ஸ்க்ரூ ‘டி’ ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். டியூனிங் நாப்பைப் பேனலோடு ஒட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒரு விசிட்டிங் கார்டை மடித்து நடுவில் வைத்து, நாப்பை அதில் இடிக்கும்வரை தள்ளி, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் கார்டை உருவுங்கள். நாப் எங்கும் உரசாமல், ஒரே கனமாகச் சுற்ற வேண்டும். சில நாப்புகளுக்கு அடியில் ஃபெல்ட் வளையம் இருக்கும். திருப்பும் கனத்தைத் தருவதே அதுதான் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அழுத்திச் செருகும் நாப்பை மாட்டும்போது, முடிகிற இடத்தில் கண்ட்ரோலின் பின்பக்கத்துக்கு ஒரு விரல் முட்டுக் கொடுங்கள்.

எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டுக் கோடு சரியா என்று பாருங்கள். பேண்ட், டிரைவ், பவர், மைக் கெயின் நாப்புகளில் கை வைத்திருந்தால் ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடை மாட்டி, பவரைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பேண்டிலும் சில நொடிகள் டிரான்ஸ்மிட் செய்து பாருங்கள். ரிசீவர் பக்கத்து நாப் மட்டும்தான் மாற்றினீர்கள் என்றால் இதற்கு அவசியமில்லை.

செட்டைக் கூரியரில் அனுப்பவோ ஊருக்கு எடுத்துப் போகவோ வேண்டுமானால் டியூனிங் நாப்பைக் கழற்றி, கிரப் ஸ்க்ரூவை நாப்பிலேயே பாதி இறுக்கி வைத்து, சிறு கவரில் போட்டுச் செட்டின் மேல் ஒட்டி அனுப்புங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நாப் மேல்தான் பெட்டியின் எடை முழுவதும் விழும்.